அக்காவின் வயது

ஜனவரி 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. ஐந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள் திடீரென்று எழுதினால் பணம் கேட்கத்தான் என்று நினைப்பாய். பணம் வேண்டாம். அம்மாவின் தகரப் பெட்டியில் என் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அதை உடனே அனுப்பி வை. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

போன செவ்வாய்க்கிழமை இஸ்திரி உருளை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இங்கே என் வேலை என்னவென்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நானும் என் ஜோடிக்காரியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். நிமிடத்துக்கு நாலு விரிப்பு. கவனம் பிசகினால் விரல் தோல் விரிப்போடு போய்விடும். முப்பத்திரண்டு வருஷமாக இதுதான்.

ஆபீஸ் கிளார்க் சின்னப் பையன். கையில் ஒரு தாளோடு வந்து நின்றான். "வாழ்த்துகள்க்கா. மார்ச்சோட உங்களுக்கு அம்பத்தஞ்சு முடியுது. இனிமே வீட்ல ராணி மாதிரி கால் நீட்டி உக்காரலாம்."

"யாருக்கு அம்பத்தஞ்சு?" என்றேன்.

"உங்களுக்குத்தான். கார்டுல இருக்கே."

ஜோடிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "வயசை ஒத்துக்க இவளுக்கு மனசே வரலை பாரு." நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு நாற்பத்தெட்டு அக்கா. ஐம்பத்தைந்து உனக்கு. அப்பா படுத்த வருஷம் எனக்குப் பதினாறு. பதினெட்டு ஆகாமல் லாண்டரியில் எடுக்க மாட்டார்கள் என்று அம்மா உன் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினாள். உன் பெயர், உன் பிறந்த தேதி, என் போட்டோ. "நான் கல்யாணமாகி வந்துட்டேன், எனக்கு எதுக்கு அது, வச்சுக்கோ" என்று நீயும் சொன்னாய். வேலைக்கு வந்தவள் நான். ஆனால் கார்டில் ஓடிக்கொண்டிருந்தது உன் வயது. அது எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும் என்று நம் மூன்று பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை பார்.

இப்போது ஏழு வருஷச் சம்பளம் போச்சு. என் உண்மை வயதைச் சொன்னால் மோசடி என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள், கடைசியில் வர வேண்டிய தொகையும் கிடைக்காது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவுக்கு நிரந்தர ஆள் எடுக்கிறார்கள். ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். என் சொந்தப் பெயரில், சொந்த வயதில் அங்கே போய் நிற்கலாம் என்றுதான் கேட்கிறேன். சான்றிதழை ரெஜிஸ்தர் தபாலில் அனுப்பு. தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.

தங்கை


ஜனவரி 21

அடி வாண்டு,

தபால் செலவைத் தந்துவிடுகிறாளாம்! பெரிய மனுஷி. ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறவள் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நன்றாக இருக்கிறேன். பையன் மாசாமாசம் அனுப்புகிறான். குறை ஒன்றும் இல்லை. முழங்கால்தான் அவ்வப்போது பேசுகிறது.

உன் கடிதம் என் கைக்கு வரவே பத்து நாள் ஆகிவிட்டது. தபால்காரர் யாரிடமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை எழுத உட்காரவும் இப்போதுதான் நேரம் கிடைத்தது. தாளில் ஈரம் பட்டிருந்தால் நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது வேறு தண்ணீர்.

உனக்கு வேலை போவது எனக்கு வருத்தம்தான். ஆனால் எழுதியிருக்கிற தோரணையைப் பார்த்தால் என்னவோ நான்தான் உன் ஏழு வருஷத்தைத் தூக்கி விழுங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. அன்றைக்கு என் பெயரைக் கொடுக்காமல் இருந்திருந்தால் நீ எங்கே நின்றிருப்பாய்? இதைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. அம்மா போன அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

பெட்டியைத் தேடுகிறேன். பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, சாவி எங்கே என்று தெரியவில்லை. அவசரப்படாதே. உங்கள் மேனேஜரிடமே இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக் கேட்டுப் பாரேன். இத்தனை வருஷம் உழைத்தவளை ஒரே அடியாகத் துரத்திவிடுவார்களா?

உன் அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

துரத்திவிடுவார்கள். கேட்டேன். மேனேஜர் நல்லவர் மாதிரிதான் பேசினார். "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்கு நீட்டிச்சா எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து என் தோளைத் தட்டினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என் அருகில் வந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா போன அன்று நீ சொன்னதை மறுபடியும் எழுதியிருக்கிறாய். அம்மாவின் மருந்துக்கு மாதாமாதம் அனுப்பியது நான் என்று யாரோ சொன்னதற்கு, கூடியிருந்த அத்தனை பேர் முன்னால் "அவ சம்பாதிச்சது என் பேர்லதானே" என்றாய். பெயரா அக்கா விரிப்பைப் பிடித்து நின்றது? பெயருக்கா கையில் கொப்புளம் வந்தது?

உன் பெயர் எனக்கு என்ன செய்தது என்று ஒன்று சொல்கிறேன். கொதிகலன் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இங்கே இருந்தார். வாய் அதிகம் பேசாதவர். என்னைக் கட்டிக்கொள்ள இரண்டு தடவை கேட்டார். உன் பெயரில் பதிவு செய்ய முடியாது, உன் பெயருக்கு அப்போதே அத்தான் இருந்தார். என் பெயரில் பதிந்தால் ஆபீஸில் தெரிந்து வேலை போகும். "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய் இருபது வருஷம் ஆகிறது. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. உன்னிடம் இப்போது ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஏப்ரலிலிருந்து வாடகையை ஏற்றுகிறார். கேட்டால் "எனக்கும் எல்லாம் ஏறிப்போச்சே" என்கிறார், அதுவும் உண்மைதான். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்துதான் போகிறேன். முட்டை வாரத்துக்கு இரண்டு என்று வைத்திருந்தேன், இப்போது ஒன்று. கடையில் எண்ணெயைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்க ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரு சமையலுக்கு ஒரு பொட்டலம். பாட்டில் வாங்குகிறவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம்.

பூட்டை உடை. சுத்தியல் இல்லையென்றால் ஒரு கல்லை எடுத்து உடை. பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட மார்ச் கடைசி வரை நேரம் இருக்கிறது.

தங்கை


பிப்ரவரி 20

வாண்டு,

கொதிகலன்காரரைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். அப்போதே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே, தெரியாது. ஆனாலும் எழுதியிருக்கலாம்.

பெட்டியைத் திறந்தேன். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. கரையான். அம்மா வைத்திருந்த காகிதம் எல்லாம் பொடிப்பொடியாகப் போய்விட்டது. உன்னுடையது எது, அப்பாவுடையது எது என்று கூடத் தெரியவில்லை. வருத்தப்படாதே. பள்ளிக்கூட வேலை எதற்கு உனக்கு? நிரந்தரம் என்றால் ஆயிரம் காகிதம் கேட்பார்கள், எதையாவது கிளறுவார்கள். நாலு வீட்டில் வேலை பார்த்தால் உன் ஒருத்தி வயிறு கழுவ முடியாதா?

நீ உன் கதையைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். உன் வாயை அடைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அத்தான் போனபோது நீ வந்தாய், வாசலில் அரைமணி நேரம் நின்றாய், போய்விட்டாய். அதற்குப் பிறகு புருஷன் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். காலையிலிருந்து வரிசையில் நின்று மதியம் என் முறை வந்தது. அந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"லாண்டரில பர்மனென்ட் வேலை, மாசம் பொறந்தா சம்பளம். அப்புறமும் இல்லாதவங்க காசுக்கு வந்து நிக்கிறீங்களே, கூச்சமா இல்ல?"

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அது என் தங்கை என்று சொன்னால் உன் வேலை போகும். சொல்லவில்லை. "தப்பா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். உன் மேல் எனக்கு இருக்கும் ஆங்காரம் அம்மா விஷயத்தில் இல்லையடி, இதில்தான்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உதவித்தொகை விஷயத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலேயே இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதலாம் என்று இந்த வாரம் உட்கார இருந்தேன். நல்லவேளை உட்காரவில்லை.

திங்கட்கிழமை என்னை அனுப்பிவைத்தார்கள். மேனேஜர் இரண்டு நிமிடம் பேசினார். உன் பெயரைத்தான் சொல்லிப் பேசினார், அதையும் தப்பாகச் சொன்னார். நாங்கள் துவைத்த விரிப்பிலேயே ஒன்றை மடித்து, ரிப்பன் கட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பிரித்தால் ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை, நடுவில் வெளுக்காத கறை. கணக்கு முடித்துக் கொடுத்த தொகை ஏறிய வாடகையில் பத்து மாதத்துக்குக் காணும். சாப்பிடவும் செய்தால் ஐந்து.

சான்றிதழ் கரையானுக்குப் போனால் என்ன, நகல் வாங்கலாமே என்று நம் பழைய ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். வந்தது. என் பெயரை அச்சில் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே ஆபீஸில் ஒரு வயசானவர், பொறுமையான மனுஷர். சான்றிதழ் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

"ஏம்மா, நீங்கதான் ஏற்கெனவே வேலைல இருக்கீங்களே."

"லாண்டரியா?" என்று உளறிவிட்டேன், பயத்தில்.

"லாண்டரி இல்லம்மா. மாணவர் விடுதி. சமையல்கட்டு. ரெண்டு வருஷமாச்சு." விடுதி இருக்கிற ஊரைச் சொன்னார்.

உன் ஊர்.

கரையானாம். பூட்டு துருப்பிடித்ததாம். எவ்வளவு பூசி மெழுகியிருக்கிறாய். நான் ஒவ்வொரு கடிதமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது நீ என் பெயரை மாட்டிக்கொண்டு போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தப் பெரியவரிடம் "பெயர்க் குழப்பம், சரி செய்து கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விடுதியிலிருந்து நீங்கிவிட்டதாக ஒரு விடுவிப்புக் கடிதம் கொண்டுவந்தால் இடம் தருகிறேன் என்றார். ஏப்ரல் முப்பது வரை வைத்திருப்பார்.

பதில் எழுது. இந்தத் தடவை சாக்கு எழுதாதே.

தங்கை


ஏப்ரல் 10

வாண்டு,

ஆமாம். நான்தான்.

பையன் ஒன்றும் அனுப்புவதில்லை. அவன் சம்பளம் அவன் வீட்டு வாடகைக்கும் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குமே முட்டுகிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அத்தான் போன ஆறு மாதத்தில் வீட்டை விட்டுவிட்டேன். நீ கடிதம் போடும் விலாசத்தில் வேறு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டம்மா நல்லவள், எடுத்து வைத்திருந்து தருகிறாள்.

உதவித்தொகை ஆபீஸிலிருந்து வந்த மறுவாரம் விடுதியில் பாத்திரம் தேய்க்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பதுக்குக் கீழே வேண்டும், வேறு எங்கும் வேலையில் இருக்கக் கூடாது என்றார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று. என் பெயரோ உன்னோடு லாண்டரியில் நிற்கிறது. பெட்டியைத் திறந்தேன். உன் சான்றிதழ் மேலாகவே கிடந்தது, கரையானும் இல்லை ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு வயது, எங்கும் வேலை பார்த்த சுவடே இல்லாத பெயர். சத்தியமாகச் சொல்கிறேன், எடுக்கும்போது திருடுகிறோம் என்றே தோன்றவில்லை. என் பெயரை நீ வைத்திருக்கிறாய், உன் பெயர் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றியது. நீ இன்னும் பத்து வருஷம் அங்கே இருப்பாய் என்றுதான் நினைத்தேன். உனக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் வயதை நானே கணக்குப் போட்டுப் பார்த்ததில்லையே.

ஒரு வேளைக்கு முந்நூறு தட்டு. சலவைச் சோடாத் தண்ணீரில் கையை விட்டு நின்றபடியே தேய்க்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து முழங்கால் போயே போய்விட்டது. பிள்ளைகள் முன்பெல்லாம் தட்டில் மிச்சம் வைப்பார்கள், அதில் நல்லதாக எடுத்துக்கொள்வோம். இப்போது நக்கித் துடைத்த மாதிரி வருகிறது தட்டு. வெளியே வாங்கிச் சாப்பிட அவர்களிடம் காசு இல்லைபோல. சமையல்கட்டுக்குப் பின்னால் மூட்டை வைக்கிற அறையில் படுக்கை. வாடகை இல்லை, அதுதான் பெரிய விஷயம்.

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் ஆறு மாதம் திரும்பிப் பார்க்கவே தோன்றாது எனக்கு. செவிடு என்று நினைத்தார்கள். நான்கூட உன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லையே என்று அப்போதுதான் பட்டது.

நீ கேட்டதும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் சொல்லவில்லை. இதைவிட நேராக எனக்கு எழுதத் தெரியாது.

உன் அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

படித்தேன். அழுதேன் என்று எழுதமாட்டேன்.

இங்கே வந்து என்னோடு இருந்துகொள். அறை சின்னதுதான், இரண்டு பேர் படுக்கலாம். ஆனால் முதலில் விடுதியை விட்டு விலகு. எனக்கு இருப்பது பதினாறு நாள். பள்ளிக்கூடத்துச் சம்பளம் இருந்தால் நாம் இரண்டு பேரும் சாப்பிடலாம். நீ விலகாவிட்டால் நான் மட்டும் பட்டினி கிடப்பேன், ஐந்து மாதத்துக்குப் பிறகு.

விலகமாட்டேன் என்றால் நான் விடுதிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். என்ன எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். எழுதினால் நீ ஜெயிலுக்குப் போவாய், பின்னாலேயே நானும் வருவேன். அப்படியும் எழுதுவேன் என்றுதான் இன்றைக்கு இருக்கிறது என் மனசு. நாளைக்கு மாறலாம். அதற்குள் விடுவிப்புக் கடிதத்தை அனுப்பிவிடு.

தங்கை


ஏப்ரல் 23

வாண்டு,

நீ எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பயமுறுத்தவும் உனக்குச் சரியாக வராது, சின்ன வயதிலிருந்தே.

விலகிவிட்டேன். கடிதம் உள்ளே இருக்கிறது, முத்திரையோடு.

விடுதி மேனேஜரிடம் போய் நின்று "வேலையை விட்டுப் போறேன்யா, கையோட ஒரு கடுதாசி வேணும்" என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சும்மா போறேன்னா எப்படிம்மா? ரெண்டு மாசம் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். வேற ஆள் வேண்டாமா?" இரண்டு மாதத்துக்கு நான் எங்கே போவது! உனக்கு ஏப்ரல் முப்பது. அவரே என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "உடம்புக்கு முடியலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா இன்னிக்கே விடுவிச்சிடலாம்." விடுதி டாக்டர் அன்றைக்கு வந்திருந்தார். முழங்காலைத் தொட்டதும் நான் கத்திய கத்தலில் அவரே பயந்துபோனார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எப்படி என் சாமர்த்தியம்?

உன் பெயர் உன்னிடம் வந்துவிட்டது. பத்திரமாக வைத்துக்கொள், யார் கேட்டாலும் கொடுக்காதே, நான் கேட்டாலும்.

அறையை மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் பையன் வீட்டில் இருக்கிறேன், பதில் அங்கே போடு. உடனே உன்னிடம் வந்தால் சண்டைதான் போடுவோம். நீ வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கு, வருகிறேன். அதுவரை மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

உன் அக்கா


மே 12

அக்காவுக்கு,

இதை எழுத நாலு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதி கிடைத்தது. உறையைக்கூட ஒழுங்காகப் பிரிக்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கொண்டு வந்துட்டீங்களா? பரவாயில்லையே." கடிதத்தை வாங்கிப் படித்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. திருப்பி என் பக்கமாக வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

'இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். நின்றும் குனிந்தும் செய்யும் எந்த வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.'

என் பெயருக்குக் கீழே, அக்கா.

"உக்காருங்கம்மா" என்றார், என் காலைப் பார்த்து. நான் உட்காரவில்லை. அவர் முன்னாலேயே தரையில் குந்தி எழுந்தேன், பத்துத் தடவை. "பாருங்கய்யா, கால் நல்லாத்தான் இருக்கு, படி ஏறிக் காட்டவா?" என்றேன். வெளியே பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் கையைப் பிசைந்தார். "நான் பாத்துட்டேன்மா. எனக்குத் தெரியுது. ஆனா இது பதிவாயிடுச்சே. கவர்மென்ட் டாக்டர் குழு பாத்து மாத்தி எழுதினாத்தான் எடுக்க முடியும். அதுக்கு நாலு மாசம் ஆகும், இடம் அதுவரைக்கும் இருக்காது" என்றார். அந்தக் கால் எனதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் யார் கால் என்று கேட்பாரே. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீ அவசரப்பட்டது எனக்காக. உன் பெயரை நான் வாங்கினேன், கூடவே உன் வயதும் வந்தது. என் பெயரை நீ திருப்பிக் கொடுத்தாய், உன் முழங்காலும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது காகிதத்தில் நம்மில் ஒருத்தி ஓய்வு பெற்றவள், இன்னொருத்தி வேலைக்கு உதவாதவள். இரண்டில் எதை எடுத்துக்கொண்டு போய் நின்றாலும் ஒரு கதவும் திறக்காது. உன் உதவித்தொகைக்கும் விசாரித்தேன். வேலை முடிந்து தொகை வாங்கியவர்களுக்கு மூன்று வருஷத்துக்குக் கிடையாதாம், லாண்டரித் தொகையை நான் வாங்கியது உன் பெயரில்தானே. உனக்காகக் கேட்கப் போய் அதையும் தெரிந்துகொண்டு வந்தேன்.

போன வாரத்திலிருந்து மறுபடி லாண்டரிக்குப் போகிறேன். அவர்கள் கூப்பிடவில்லை. காலையில் பின்வாசலில் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள், அந்தக் கூட்டத்தில் போய் நின்றேன். கிளார்க் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் பாவம். அதே உருளை, அதே முனை, அதே ஜோடிக்காரி. கூலி முன்பு வாங்கியதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மழை வந்து ஓட்டல்களில் கூட்டம் இல்லையென்றால் அதுவும் இல்லை. என் இடத்துக்குப் புதிதாக நிரந்தர ஆள் யாரையும் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லையாம். மேனேஜர் ஒரு நாள் கடந்து போனார். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான்.

அங்கே பெயர் கேட்பதில்லை. வயதும் கேட்பதில்லை. மணிக்கட்டில் ஒரு நம்பரைக் கட்டிவிடுகிறார்கள், சாயங்காலம் அவிழ்த்துக்கொள்கிறார்கள்.

மடிப்பு மேஜைக்கு இன்னொரு ஆள் வேண்டுமாம். ஜோடிக்காரியிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், என் அக்கா என்று. மேஜையில் இடுப்பைச் சாய்த்துக்கொள்ளலாம், பாத்திரம் தேய்க்கிற மாதிரி குனிய வேண்டாம். தலையணை உறை, துண்டு மாதிரி சின்னதாகப் பார்த்து உன் பக்கம் தள்ளிவிடச் சொல்கிறேன். வலித்தால் சொல்லக் கூடாது, மறுநாள் எடுக்கமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொள்ள உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். நீ மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. வா. முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்காதே, அப்படி ஒன்று இனி வராது. சண்டையை இங்கே வந்து நேரிலேயே போட்டுக்கொள்ளலாம், தபால் செலவாவது மிஞ்சும்.

நம் இரண்டு பேர் கூலியையும் சேர்த்தால், மார்ச் வரை நான் ஒருத்தியாக வாங்கிய சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

தங்கை